வெறுங்கான்

முதல் வாரம் முழுக்கச் சமன்பாடு.
இருப்பு என்பது பாய்வின் தொகையீடு
என்றெழுதி அடிக்கோடும் போட்டேன்.
பம்பலப்பிட்டிக் கடற்கரை ரயில் கடக்க
மூன்றாம் மாடிக் கண்ணாடிகள் நடுங்கின.
பன்னிரண்டு பேர், வேலை முடித்து வந்தவர்கள்.
தெய்வேந்திரம் தலையாட்டியபடியே தூங்கினார்.
புறக்கோட்டையில் விடிய மூன்று மணிக்கு
வெங்காய லொறி எண்ணத் தொடங்குகிற மனுசன்,
தூங்கத்தான் வேணும்.

இரண்டாம் வாரம் மற்றப் பக்கம் சரிந்தேன்.
பலகையைத் துடைத்துவிட்டுக் கதை கேட்டேன்.
வந்தது பார் கதை!
வெங்காய விலை, டெங்கு,
பேரே வாவி ஏன் பச்சையாய் நாறுகிறது,
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
அரைமணி வராமல் இருந்துவிட்டு
ஏன் மூன்றாய்ச் சேர்ந்து வருகிறது.
எட்டரைக்குக் கலியாண வீட்டிலிருந்து போவதுபோல்
முகம் மலர்ந்து போனார்கள்.
பலகையில் ஒரு அம்புக்குறிகூட இல்லை.

மூன்றாம் வாரம்
ஒரு பெட்டி, மேலே ஒரு குழாய், கீழே ஒன்று.
பெட்டிக்குப் பேர்: செட்டில் கிடக்கும் பெற்றோல்.
கப்பல் வந்தால் கூடும்,
வண்டிகள் வந்தால் குறையும்.
"அப்பிடியெண்டால் கப்பல் வந்த கிழமை
கியூ குறைஞ்சிருக்க வேணுமே"
என்றாள் றிஸ்மியா,
மாளிகாவத்தையில் தண்ணீர் மானி வாசிப்பவள்.
"கூடினது. நான் நிண்டனான்."

அறை அடங்கியது.
அந்த வருசம் எல்லாரும் நின்றவர்கள்.
ஆளுக்கொரு கியூவை உள்ளே மடித்து வைத்திருந்தார்கள்.
எனக்கு டோக்கன் இருநூற்றுப் பதினேழு.

பெட்டிக்குப் பக்கத்தில் பயம் என்றெழுதினேன்.
இங்கிருந்து அங்கே ஒரு அம்பு,
அங்கிருந்து இங்கே மற்றொன்று.
இத்தோடு விட்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.
ஆனால் அலகில்லாத எதையும்
சமன்பாட்டுக்குள் விடுவதில்லை என்று
முதல் வாரமே சத்தியம் பண்ணியவள் நான்.
பெற்றோலுக்கு லீற்றர். பயத்துக்கு?

"பத்துக்கு எத்தனை புள்ளி எண்டு போடலாம்"
என்றது வங்கிக்காரர் வரிசை.
கொட்டாஞ்சேனை அன்ரன் குருஸ்,
செட்டொன்றில் கணக்கெழுதுகிறவர்,
மூன்று கிழமையாய் வாய் திறக்காதவர்,
"கான்" என்றார்.
"என்ன?"
"வெறுங்கான், மிஸ். வீட்டில எத்தினை வெறுங்கான்.
முந்தி ஒண்டுமில்லை. மார்ச்சில ஒண்டு.
மே மாசம் எங்கட குசினியில அஞ்சு.
தண்ணிக் கானையும் கழுவிக் காயவைச்சவ மனுசி."

எழுதினேன்: பயம், வீடொன்றுக்கு வெறுங்கான்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு கணக்கு மளமளவென்று ஓடியது.
கப்பலுக்கு முன்னால் கப்பலின் செய்தி வரும்.
செய்தி வந்ததும் கான்கள் தெருவுக்கு வரும்.
நிரம்பிக் கட்டிலுக்கடியில் போனதும் இருப்புத்தான்,
செட்டின் புத்தகத்தில் மட்டும் இல்லை.
வரைபில் கியூ எழுந்தது,
றிஸ்மியா நின்ற அதே கிழமை,
கப்பலோடு கூடவே.
கன நேரம் அதைப் பார்த்தாள்.
"அப்ப நாங்கள்தான் செய்தது."
"நாங்களும்" என்றேன்.
அந்த ஒரு 'உம்' எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

பையை எடுக்கும் நேரம் அன்ரன் குருஸ்
பலகைக்குக் கிட்ட வந்து நின்றார்.
"என்ர தம்பி கியூவில விழுந்து போனவன்.
இதில அவன் எங்க?"

கியூவை விட்டு வெளியேற
நான் கீறியது ஒரே ஒரு குழாய்.
நிரப்பிக்கொண்டு போனவர்களும் அவனும்
அதே அம்பில்.
மார்க்கரைத் திறந்து
பெட்டியின் ஓரத்தில் சிறிதாய் இன்னொரு குழாய் கீறினேன்.
பேர் எழுதவில்லை.
பேரில்லாத பாய்வென்றால்
மென்பொருள் சிவப்பாய்ப் பிழை காட்டும்.
காட்டட்டும்.

காலி வீதியில் முக்கால் மணி நின்றேன்.
மூன்று பஸ்ஸும் சேர்ந்தே வந்தன,
முதலாவதில் ஆள் தொங்கிக்கொண்டு,
மூன்றாவது வெறும் சீற்றுகளோடு.
ஏனென்று தாமதத்தோடும் வளையத்தோடும்
எனக்கு எழுதிக்காட்டத் தெரியும்.

முதல் பஸ்ஸில்தான் ஏறினேன்.